முற்றம் வைத்த பழைய வீடா, கார் நிற்கிற புது வீடா? (கும்பகோணம்)

குடந்தை மருமகள்:

வணக்கம். நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதமாக வீட்டில் இதே பேச்சு. இனிமேல் பேசினால் சண்டைதான் என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டோம், அதனால் சம்பந்தமில்லாதவர்களிடம் கேட்டுப் பார்ப்போம் என்று வந்திருக்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர். நான் அரசுப் பள்ளியில் டீச்சர். கணவர் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறார். மகள் ஆறாவது, மகன் யூ.கே.ஜி., அப்புறம் மாமியார். அவருக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஊரில் நிலம் விற்ற பணமும் சேமிப்புமாகக் கையில் 28 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன்தான்.

முதல் வீடு கும்பகோணத்துக்குள்ளேயே, கோயில் மதில் தெரிகிற தெருவில். 18 அடி அகலம், 110 அடி நீளம். தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், உள்ளே போனால் போய்க்கொண்டே இருக்கும். திண்ணை, ரேழி (வாசலுக்கு அடுத்த நடை), முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, சமையலறை, கிணற்றடி, கொல்லை, கொல்லைக் கோடியில் கழிவறை. தொண்ணூறு வருஷத்து வீடு என்கிறார்கள், 72 லட்சம் சொல்கிறார்கள். நாங்கள் போனது மே மாதம், மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். வெளியே தார் ரோடு கொதிக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சிவப்புத் தரையில் கால் வைத்தேன், மண்பானைத் தண்ணீரைத் தொட்ட மாதிரி இருந்தது. முற்றத்தில் ஒரு முறத்தில் மணத்தக்காளி வற்றல் காய்கிறது, எதிர்ச் சுவரில் சாய்வாக வெயில், ஒரு அணில் தூணில் தலைகீழாக இறங்கி வந்து எங்களைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. அந்த நிமிஷமே நான் மனசுக்குள் கூடத்தில் ஊஞ்சல் மாட்டிவிட்டேன்.

இரண்டாவது வீடு பைபாஸ் பக்கம் ஒரு நகரில். 30க்கு 40 மனை, புதிதாகக் கட்டியது, இரண்டு படுக்கையறை, அறையோடு சேர்ந்த குளியலறை, கார் நிறுத்த இடம், போர் தண்ணீர். 62 லட்சம். ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பார்த்துவிட்டு வந்த அரை மணி நேரத்தில் ஹாலுக்கு என்ன கலர் அடித்திருந்தார்கள் என்பதே மறந்து போச்சு.

இதில் வேடிக்கை என்னவென்றால் பழைய வீடு வேண்டவே வேண்டாம் என்பவர் மாமியார்தான். அவர் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இந்த மாதிரி வீடுகளில். “நாப்பது வருஷம் முற்றம் கூட்டியாச்சும்மா, எனக்குத் தெரியும் அது என்னன்னு” என்று அதோடு முடித்துக்கொண்டார். கணவர் “உனக்குப் பிடிச்சா சரி” என்கிறார், அது எந்தப் பக்கத்துக்கும் உதவாத பதில். மகளுக்கு ஸ்கூல் தோழிகள் பக்கத்துத் தெரு என்பதால் பழைய வீடு. மகன் அணில் இருக்கிற வீடு என்கிறான்.

பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர்கள், வாங்கிவிட்டு வருத்தப்பட்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எனக்கு இது ஆசையா, கிறுக்கா என்று தெரியவில்லை.

ஊஞ்சல்பலகை:

மாமியார் சொல்வதைக் கேளுங்கள். பழைய வீடு வாங்கினால் 2028 மகாமகத்துக்கு உங்கள் கூடத்தில் நாற்பது பேர் படுத்திருப்பார்கள், அவர்களுக்கும் நீங்கள்தான் காபி போட வேண்டும்.

ஸ்ரீரங்கத்துத் திண்ணை:

சகோதரி, நான் அந்த வீட்டை வாங்கினவன். உங்கள் வீடு இல்லை, அதே மாதிரி ஒன்று, ஸ்ரீரங்கத்தில் ஒரு உள் வீதியில். 2014ல் வாங்கினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறோம், அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து படியுங்கள், வாங்கினவன் குறை சொன்னாலும் பெருமையாகத்தான் சொல்வான்.

முதலில் நல்லது. மே மாதம் பகலில் ஏ.சி. இல்லாமல் இருக்க முடிகிறது. வாசலில் நின்றால் கொல்லைக் கதவு நேராகத் தெரியும், இரண்டையும் திறந்து வைத்தால் காற்று ரேழி வழியாக ஓடும், சூடு முற்றம் வழியாக மேலே போய்விடும். என் அப்பா கடைசி மூன்று வருஷம் திண்ணையிலேயே இருந்தார். வெளியூரிலிருந்து வந்து, அங்கே ஒருவரையும் தெரியாத மனிதர். ஒரே மாதத்தில் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். பூக்காரம்மா, தபால்காரர், இஸ்திரி வண்டிக்காரர் எல்லாரும் அவரிடம் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்.

இப்போது மற்றது. ஒரு ஐப்பசி ராத்திரி மழை கொட்டுகிறது. முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற ஜலதாரையில் வேப்பிலை போய் அடைத்துக்கொண்டது, எங்களுக்குத் தெரியாது. இரண்டு மணிக்கு மனைவி எழுந்து கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தாள், கணுக்கால் வரை தண்ணீர். கூடத்தில் என் செருப்பு மிதந்து போய் பீரோ காலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. விடிகிற வரை நான் தூம்பில் கம்பி விட்டுக் குத்தினேன், அவள் முறத்தால் தண்ணீர் வாரிக் கொட்டினாள். அன்றிலிருந்து மழைக்காலத்தில் படுக்கப் போவதற்கு முன்னால் ஜலதாரையைப் பார்ப்பது என் வேலை.

குரங்கு தனிக் கதை. ஓட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும், நாட்டு ஓடு மாற்றுகிற ஆள் கிடைப்பதற்குள் இரண்டு மழை பெய்துவிடும். முற்றத்துக்கு மேல் கம்பி வலை போட்டோம், அதன்மேல் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்க்கிறது.

ஒன்றை வெட்கத்தோடு சொல்கிறேன். முற்றம் எனக்கு, துடைப்பம் அவளுக்கு என்று ஆகிவிட்டது. மார்கழியில் அங்கே உட்கார்ந்து காபி குடிக்கிறவன் நான். சாரல் அடித்தால் தாழ்வாரம் முழுக்கத் துடைப்பது, காக்கை எச்சம் கழுவுவது, பாசி பிடித்தால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ப்பது எல்லாம் அவள். ஐந்தாவது வருஷம் ஒருநாள் “உங்களுக்குப் பிடிச்ச வீட்டை நான் வேலை பார்க்கறேன்” என்றாள். அதற்கு அப்புறம்தான் தினமும் இரண்டு வேளை ஆள் வைத்தோம். உங்கள் வீட்டில் ஆசைப்படுகிறவரும் நீங்கள், டீச்சர் வேலைக்குப் போகிறவரும் நீங்கள். காலை ஏழு மணிக்கு முற்றத்தைக் கூட்டப் போவது யார் என்பதை மட்டும் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

கட்டடக்காரன்:

மேடம், டெல்டா பக்கம் 22 வருஷமாகக் கட்டட வேலை. இந்த மாதிரி வீடுகளைப் பிரித்தும் இருக்கிறேன், பழுது பார்த்தும் இருக்கிறேன். அழகைப் பற்றி நான் பேசவில்லை, அது உங்கள் பாடு.

முற்றத்தை எல்லாரும் அலங்காரமாக நினைக்கிறார்கள். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு சேர்ந்த சுவர், பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழியே இல்லை, அதனால் நடுவில் வானத்தைத் திறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். வெளிச்சமும் காற்றும் அந்த வீட்டுக்கு வருகிற ஒரே வழி அது. கூட்டுகிற கஷ்டத்துக்குப் பயந்து பின்னாடி அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடினீர்கள் என்றால் வீடு அடுப்பாகிவிடும், இது நிறையப் பேர் செய்கிற தப்பு. முற்றத்தை மூடப் போகிறீர்கள் என்றால் அந்த வீட்டையே வாங்காதீர்கள்.

முன்பக்கம் மேலே மெட்ராஸ் டெரஸாக இருக்கும் என்று நினைக்கிறேன். தேக்கு உத்திரம், அதன்மேல் குறுக்குக் கட்டைகள், கட்டைக்கு மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பு வைத்துப் போட்ட தளம். தேக்கு நூறு வருஷம் நிற்கும், சந்தேகம் வேண்டாம். கெடுவது சுவருக்குள் செருகியிருக்கிற முனை. மொட்டைமாடியில் ஒழுகிற தண்ணீர் சுவர் வழியாக இறங்கி அங்கேதான் தங்கும், வெளியே பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும், உள்ளே மக்கிப் போயிருக்கும். ஒரு ஸ்டூலும் ஒரு பெரிய ஸ்குரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கட்டையும் சுவரைத் தொடுகிற இடத்தில் குத்திப் பாருங்கள். ‘டக்’ என்று நின்றால் நல்லது. மாடியில் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேர் போயிருக்கிற இடமெல்லாம் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

சுவரில் அடியில் இரண்டு அடிக்குப் பூச்சு பொரிந்து உதிர்கிறதா? அந்தக் காலத்தில் கீழேயிருந்து ஈரம் ஏறாமல் தடுக்க ஒன்றும் போடவில்லை. சுண்ணாம்புப் பூச்சு இருந்த வரைக்கும் ஈரம் வந்த வழியே ஆவியாகப் போய்விடும், சுவர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். யாரோ ஒரு புண்ணியவான் அதன்மேல் சிமென்ட் பூசியிருப்பார், ஈரம் போக இடமில்லாமல் உள்ளுக்குள்ளேயே ஏறும். மறுபடியும் சிமென்டே பூசினால் மறுபடியும் உதிரும். சுண்ணாம்பு அரைத்துக் கடுக்காய்த் தண்ணீர் விட்டுப் பூசுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் கூலி அதிகம், நீங்கள்தான் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

வாசலில் எத்தனை படி இருக்கிறது? தெருவை ஒவ்வொரு தடவை போடும்போதும் உயர்த்திக்கொண்டே வந்திருப்பார்கள். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது ஒரு படிதான் மிச்சம் என்றால் அடுத்த தடவை தெருத் தண்ணீர் ரேழிக்கு வரும்.

வயரிங் முழுக்கப் பிரித்துப் போட வேண்டும், எர்த் இருக்காது. கழிவறையைக் கொல்லைக் கோடியிலிருந்து இரண்டாம் கட்டுக்குக் கொண்டுவர வேண்டும், 71 வயது முழங்காலை வைத்துக்கொண்டு ராத்திரி எண்பது அடி நடக்க முடியாது, நடுவில் எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நேரில் பார்க்காமல் தொகை சொல்வது தப்பு. ஆனால் கையில் 10 லட்சம்கூட வைத்துக்கொள்ளாமல் அந்த வீட்டுக்குள் போகாதீர்கள்.

பழைய பத்திரம்:

தங்கச்சி, நான் பத்திர எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எல்லாரும் உத்திரத்தைப் பார்க்கச் சொல்கிறார்கள், நான் காகிதத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

கோயில் மதில் தெரிகிற தெரு என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அடிமனை யாருடையது என்று பாருங்கள். நம் பக்கத்துக் கோயில் ஊர்களில் மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும், மேல்கட்டடம் மட்டும்தான் குடியிருப்பவருடையது, வருஷா வருஷம் வாடகை கட்டிக்கொண்டு மூன்று தலைமுறை இருந்திருப்பார்கள், விற்கும்போது அதை வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் வாங்கிப் பெயரைப் பாருங்கள். கோயில் பெயர் இருந்தால் விட்டுவிடுங்கள். பதிவும் ஆகாது, வங்கியும் கடன் தராது.

அடுத்தது, விற்பவர்கள் யார் யார்? தாத்தா பெயரில் இருக்கிற வீட்டை இரண்டு பேரன்கள் விற்கிறார்கள் என்றால் அத்தைகள் எங்கே என்று கேளுங்கள். 1989 மார்ச் 25க்கு முன்னால் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டு திரிகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது நம் மாநிலத்துப் பழைய திருத்தம். 2005ல் மத்தியச் சட்டமே மாறிவிட்டது, 2020ல் உச்ச நீதிமன்றமும் மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை, அப்பா 2005ல் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பேச்சே இல்லை என்று சொல்லிவிட்டது. பம்பாயில் இருக்கிற அத்தைதானே, கேட்க மாட்டார்கள் என்பார்கள். நீங்கள் பால் காய்ச்சிக் குடிபோன அப்புறம் கேட்பார்கள். எல்லார் கையெழுத்தும் வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

புது வீட்டுக்கும் இதே கண்ணோடு பாருங்கள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் இருக்கிறதா, இல்லாமல் போட்ட மனையாக இருந்தால் 2017 வரன்முறைத் திட்டத்தில் முறைப்படுத்தினார்களா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20க்கு அப்புறம் போட்ட அங்கீகாரம் இல்லாத மனை என்றால் அதற்கு அந்த வழியும் கிடையாது.

செலவையும் சொல்லிவிடுகிறேன். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9. 72 லட்சத்துக்கு ஏறக்குறைய ஆறரை லட்சம். இது கடனில் வராது, உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

நஞ்சைநகர்வாசி:

அக்கா, எல்லாரும் பழைய வீட்டையே போட்டு அடிக்கிறார்கள், புது வீடு என்னமோ கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிற மாதிரி. நான் தஞ்சாவூர் வெளியே அப்படி ஒரு நகரில் ஏழு வருஷமாக இருக்கிறேன். பெயர்தான் நகர், அதற்கு முந்தின வருஷம் வரைக்கும் அதில் குறுவை போட்டார்கள்.

வயலைத் தூர்த்துத்தான் மனை போடுகிறார்கள். அடியில் களிமண், மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். கொட்டின மண் இறுகுவதற்குள் வீட்டைக் கட்டிவிட்டார்கள் என்றால் இரண்டாவது வருஷம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். எங்கள் வீட்டில் ஒரு விரிசலுக்குள் என் மகன் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துக்கொண்டு வாரா வாரம் எவ்வளவு உள்ளே போகிறது என்று பார்க்கிறான். மனைக்குப் பக்கத்தில் பழைய வாய்க்கால் ஏதாவது இருந்ததா என்று விசாரியுங்கள். புரோக்கரிடம் கேட்காதீர்கள், பால்காரரிடம் கேளுங்கள். கார்த்திகையில் அவர் எந்தத் தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வந்தார் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் தூரம். எங்கள் நகரில் கொத்தமல்லிக் கட்டு வாங்க வேண்டுமானாலும் வண்டி எடுக்க வேண்டும். பிள்ளைகளை டியூஷனுக்கு விட, கூட்டி வர, மறுபடியும் ஹிந்தி வகுப்புக்கு விட என்று ஒருநாளைக்கு நாலு நடை. என் அம்மா எங்களோடு மூன்று மாதம் இருந்துவிட்டு ஊருக்கே போய்விட்டார். கால் வலி இல்லை, வசதிக் குறைவும் இல்லை. “பேச்சுக்கு ஒரு ஆள் இல்லடா” என்றார். பகலில் எல்லா வீடும் பூட்டியிருக்கும், கேட்டுக்கு உள்ளே நாய் இருக்கும்.

ஆனாலும் நான் புது வீட்டைத்தான் சொல்வேன். காரணம் சின்னது. ராத்திரி பத்து மணிக்கு அசதியோடு வந்தால் குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, ஸ்விட்சைத் தட்டினால் லைட் எரிகிறது, படுத்துக்கொள்ளலாம். வீட்டைப் பற்றி நினைக்காமலே நாலு நாள் போகிறது. அந்த நிம்மதியும் ஒரு அழகுதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது, உங்களுக்குத் தோன்றுமா தெரியாது.

குடந்தை மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. ஸ்ரீரங்கத்துச் சகோதரர் எழுதியதைக் கணவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். “நான் கூட்டறேன்” என்றார். கல்யாணம் ஆகிப் பதினாலு வருஷத்தில் அவர் துடைப்பத்தைத் தொட்டது ஒருமுறை, பல்லி அடிக்க.

பழைய பத்திரம் அண்ணா, நகல் வாங்கினோம், அடிமனை அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள். ஒருவர் கையெழுத்துப் போடத் தயார், இன்னொருவரிடம் இனிமேல்தான் பேசப் போகிறார்களாம். இந்த ஞாயிறு ஸ்குரூ டிரைவரோடு போகிறோம். வந்து சொல்கிறேன்.

ஊஞ்சல்பலகை:

மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

குடந்தை மருமகள்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், பரீட்சை பேப்பர் திருத்தும் வேலை.

போனோம், மாமியாரோடு. கூடத்தில் பதினொரு கட்டைகள், கட்டடக்காரன் சார் சொன்னபடி ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்தோம். மேற்குச் சுவர்ப் பக்கம் எல்லாம் ‘டக்’ என்று நின்றது. கிழக்குச் சுவரில் மூன்றாவது கட்டையில் ஸ்குரூ டிரைவர் கைப்பிடி வரைக்கும் சத்தமே இல்லாமல் உள்ளே போச்சு, வெளியே எடுத்ததும் காபித்தூள் மாதிரி கொட்டியது. அந்தப் பக்கம் நாலு கட்டைகள் அப்படி. வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாகிவிட்டது, அவருக்கும் தெரியாதுபோல. மாடியில் அரசங்கன்றும் இருந்தது, என் இடுப்பு உயரம். வாசலில் ஒரு படிதான்.

மாமியார் எதுவும் பேசாமல் வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் நடந்து பார்த்தார், சுவரைப் பிடித்துக்கொண்டே. ஏழு நிலைப்படி. திரும்பி வரும்போது நாலாவதில் கால் தடுக்கி மகள் தோளைப் பிடித்துக்கொண்டார். அதோடு எனக்கு உள்ளுக்குள் ஏதோ இறங்கிப் போச்சு.

மிச்சத்தை வங்கி முடித்துவைத்தது. அவர்கள் அனுப்பின மதிப்பீட்டாளர் மனைக்கு மட்டும் மதிப்புப் போட்டு, கட்டடத்துக்குப் பெயருக்கு ஒரு தொகை எழுதினார், மொத்தம் 52 லட்சம். இந்த அளவு கடனுக்கு அவர்கள் மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தர மாட்டார்கள், அதாவது 41 லட்சத்து அறுபதாயிரம். எங்கள் 28 லட்சத்தைச் சேர்த்தாலும் 70 லட்சத்தைத் தொடவில்லை. விலை, பதிவு இரண்டுக்கே 9 லட்சம் இடிக்கிறது, அதற்கு மேல் ரிப்பேர். விலையைக் குறைப்பார்களா என்று கேட்டோம், 70க்குக் கீழே இறங்கவில்லை. அவர்களைத் தப்பு சொல்ல முடியாது, மனை மதிப்பு அவர்களுக்கும் தெரியும். பிரித்துவிட்டு மூன்று மாடி கட்டுகிறவர் யாராவது வாங்கிக்கொள்வார். அதை நினைத்தால் இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

புது வீட்டை மறுபடியும் போய்ப் பார்த்தோம், இந்தத் தடவை ராத்திரி மழை பெய்து நின்ற மறுநாள் காலையில். தெருவில் தண்ணீர் நிற்கவில்லை. பால்காரரையும் விசாரித்தோம், அந்தத் தெருவுக்கு எந்த மழையிலும் வண்டியிலேயே வருவாராம், இரண்டு தெரு தள்ளித்தான் இறங்கி நடப்பாராம். அங்கீகாரம் இருக்கிறது. கிட்டத்தட்ட முடிவு பண்ணிவிட்டோம்.

ஆனால் அங்கே போனதும் மாமியார் ஹாலைப் பார்த்தார், பாத்ரூமைப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் வெளியே வந்து கார் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “எங்கம்மா உக்காந்துக்கறது?” என்று கேட்டார். சோபாவைக் காட்டினேன். “அது உள்ள இருக்கே” என்றார்.

பழைய வீட்டில் அவருக்கு எதுவும் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். திண்ணை மட்டும் வேண்டுமாம், கேட்கத் தயங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். கட்டினவரிடம் கேட்டோம், கேட்டுக்குப் பக்கத்தில் கட்டித் தருகிறேன் என்கிறார், எத்தனை அடி உயரம் வேண்டும் என்று என்னைக் கேட்கிறார். எனக்கு என்ன தெரியும்? கட்டடக்காரன் சார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கட்டடக்காரன்:

மேடம், பழைய வீட்டுத் திண்ணை உயரத்தை அப்படியே எடுக்காதீர்கள், அது ஏறி உட்காருகிற திண்ணை, முழங்காலுக்கு ஆகாது. ரொம்பத் தாழ்வாகவும் போடக் கூடாது, ஒரு அடி உயரத்தில் உட்கார்ந்தால் அவரால் எழுந்திருக்க முடியாது. தரையிலிருந்து 19, 20 அங்குலம். அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, பாதம் முழுக்கத் தரையில் படுகிறதா என்று பார்த்துவிட்டு டேப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், அதுதான் சரியான அளவு. அகலம் இரண்டு அடி, நீளம் ஐந்தரை அடி, மத்தியானம் கால் நீட்டிப் படுக்கவும் ஆகும். ஒரு ஓரத்தில் சின்னத் தூண் ஒன்று எழுப்பச் சொல்லுங்கள், சாய்ந்துகொள்ளவும் ஆகும், பிடித்து எழவும் ஆகும். மேலே கிரானைட் போடுவார், வேண்டாம் என்று சொல்லுங்கள், வெயிலில் சுடும். சிவப்பு ரெட் ஆக்சைடு பூசச் சொல்லுங்கள், மூலையை உருட்டிவிட வேண்டும்.

தெரு தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், கேட்டைத் தகடு அடித்து மூடிவிடுவார்கள், கம்பிக் கேட்டாகக் கேளுங்கள். கார் கதவு திறக்க மூன்று அடி விடுங்கள்.

இது எல்லாம் பத்திரம் பதிவதற்கு முன்னாடி நடக்க வேண்டும். அப்புறம் போன் எடுக்க மாட்டார்.

குடந்தை மருமகள்:

அளந்துவிட்டோம் சார். பதினெட்டரை.